சத்தமே போடாத ஃபிரிட்ஜும் மழை நாளின் சுரீரும்

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம். ஊட்டியில் லாட்ஜில் வேலை பார்க்கும் என் தம்பி, அங்கே அறைகளில் இருந்து எடுத்துப் போட்ட சின்ன ஃபிரிட்ஜ் ஒன்றை 2,000 ரூபாய்க்கு வாங்கி வந்தான். ஜீப்பில் படுக்கவைத்துக் கொண்டு வந்தார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை. இன்சுலின் வைக்கத்தான் முக்கியமாக வாங்கியது. சமையல் மேடைக்குக் கீழே, கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. போட்டு மூன்று வாரம் ஆகிறது. மோட்டார் சத்தமே வரவில்லை, பின்பக்கம் மட்டும் கொதிக்கிறது. மழை நாளில் கதவைத் தொட்டால் சுரீர் என்றது. வயர்மேன் வந்து பிளக்கில் ஒரு கம்பியை மாற்றிக் கொடுத்தார், அதோடு நின்றுவிட்டது. அவர் செய்தது சரிதானே? இந்தக் குளிரில் ஃபிரிட்ஜே தண்டம் என்கிறார் என் வீட்டுக்காரர். அவர் சொல்வதும் நிஜமா? – ஒரு வாசகி, நீலகிரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதைப் படிக்கும் முன் ஒரு வேலை. காலில் செருப்பு போட்டுக்கொண்டு, கையைத் துடைத்துவிட்டு, ஃபிரிட்ஜின் சுவிட்சை அணைத்துப் பிளக்கை உருவி வைத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் இன்சுலினை என்ன செய்வது என்று கீழே சொல்கிறேன். ஒரு மணி நேரத்தில் அதற்கு ஒன்றும் ஆகிவிடாது.

சுரீர் நின்றுவிட்டது என்று நீங்கள் நிம்மதியாக எழுதிய வரிதான் எனக்கு உறுத்துகிறது. ‘பிளக்கில் ஒரு கம்பியை மாற்றினார்’ என்றால் பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான். நம் மலையில் பழைய வீடுகளுக்கு வேலைக்குப் போகிற எவரும் இதைப் பார்த்திருப்பார்கள். பிளக்கை உருவிய பிறகு அதன் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே மூன்று பித்தளைக் கால்கள் இருக்கும். தடியாக, நீளமாகத் தனியே நிற்பது எர்த். பச்சை, அல்லது பச்சையில் மஞ்சள் கோடு போட்ட வயர் அங்கேதான் வரவேண்டும். மற்ற இரண்டில் ஒன்று கரண்ட் வருகிற பேஸ், ஒன்று அது திரும்பிப் போகிற நியூட்ரல். எர்த் காலில் இருந்து நியூட்ரல் காலுக்கு விரல் நீளத்தில் ஒரு துண்டு வயர் வளைந்து போயிருந்தால், அல்லது பச்சை வயரும் கறுப்பு வயரும் ஒரே திருகில் முறுக்கப்பட்டிருந்தால், நான் சந்தேகப்பட்டது சரி. பிளக் சுத்தமாக இருந்தால் அந்தத் துண்டு சுவரில் உள்ள சாக்கெட்டுக்குப் பின்னால் இருக்கலாம். அதை நீங்கள் திறக்க வேண்டாம். விவரம் தெரிந்த வேறு வயர்மேனைக் கூப்பிட்டு மெயினை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தத் துண்டு வயர் போட்டதும் சுரீர் நிற்கத்தான் செய்யும். ஃபிரிட்ஜ் தகட்டில் கசிந்துகொண்டிருந்த மின்சாரம் நியூட்ரல் வழியாகத் திரும்பிப் போகிறது, உங்கள் கை வழியாகப் போவதில்லை. ஆனால் நியூட்ரல் அறுந்தால்? காற்று மழையில் ஒரு சில்வர் ஓக் கிளை சர்வீஸ் கம்பி மேல் விழுந்து நியூட்ரல் மட்டும் அறுந்து, பேஸ் தப்பி நிற்பது நம் பக்கம் நடக்காத காரியமா? அந்த நேரத்தில் வீட்டில் ஒரு பல்பு போட்ட நிலையில் இருந்தால் போதும். 230 வோல்ட் பல்பு வழியாக நியூட்ரலுக்கு வந்து, அந்தத் துண்டு வயர் வழியாக ஃபிரிட்ஜ் கதவில் வந்து நிற்கும். கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு யாராவது இருட்டில் ஃபிரிட்ஜைத் திறப்பார்கள். இதைவிட மோசம், பழைய போர்டுகளில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறிக் கிடப்பது. அங்கே இந்தத் துண்டு வயர் போட்ட கணத்திலேயே முழு பேஸும் தகட்டுக்கு வந்துவிடும். முன்பு சுரீர் என்று எச்சரித்துக்கொண்டாவது இருந்தது. இப்போது எச்சரிக்கை இல்லாமல் ஆபத்து மட்டும் உட்கார்ந்திருக்கிறது.

மழை நாளில் மட்டும் ஏன் அடித்தது என்பதற்குக் காரணம் உண்டு. அதற்கு உங்கள் ஃபிரிட்ஜ் எந்த ஜாதி என்று பார்க்க வேண்டும். சத்தமே இல்லை, பின்னால் கொதிக்கிறது, லாட்ஜ் அறையில் இருந்து வந்தது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அது கம்ப்ரசர் ஃபிரிட்ஜாக இருக்க வாய்ப்பு குறைவு. பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அடியில் பெரிய தேங்காய் அளவில் கறுப்பு இரும்புக் குடம் இருந்தால் கம்ப்ரசர். குடம் இல்லாமல், மேலிருந்து கீழ்வரை தடித்த கறுப்புக் குழாய்கள் பின்னிக் கிடந்து, ஒரு பக்கம் தகரத்தால் மூடிய நெட்டுக்குத்தான குழாயும் அதற்குள் போகிற வயரும் தெரிந்தால், அது அம்மோனியாவில் ஓடும் மினிபார். படுக்கையறையில் விருந்தாளி தூக்கம் கெடக் கூடாது என்று லாட்ஜ்காரர்கள் இதைத்தான் விரும்பி வாங்குவார்கள். குழாயும் இல்லாமல், பின்னால் சின்ன விசிறியும் அலுமினியச் சீப்பு மாதிரி ஒரு துண்டும் மட்டும் இருந்தால் மூன்றாவது வகை. மின்சாரத்தாலேயே ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் சில்லு அதில் இருக்கும். நீங்கள் சொல்லும் கொதிப்புக்கு அம்மோனியாதான் பொருந்துகிறது.

அம்மோனியா வகை மோசமான கண்டுபிடிப்பு இல்லை. 1922-இல் ஸ்வீடனில் பால்சர் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்தது. ஓடுகிற பாகம் ஒன்றுகூடக் கிடையாது. அடியில் இருக்கும் ஹீட்டர் அம்மோனியா கலந்த தண்ணீரைக் கொதிக்கவைக்கும். அம்மோனியா ஆவியாக மேலே போய்க் குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜன் வாயு நிரம்பிய குழாய்க்குள் மறுபடி ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும். பிறகு தண்ணீரில் கரைந்து பழைய இடத்துக்கே வரும். எல்லாமே சூட்டாலும் சரிவாலும் தானாக நடப்பது. மின்சாரம் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெய்ச் சுடரில் ஓடிய ஃபிரிட்ஜ்களும் இதே வழிதான்.

இப்போது சுரீருக்கு வருவோம். அந்த ஹீட்டர் ஒரு உலோகக் குச்சி. உள்ளே இருக்கும் சூட்டுக் கம்பியைச் சுற்றி வெள்ளைப் பொடி, மெக்னீசியம் ஆக்சைடு, அடைத்திருப்பார்கள். அந்தப் பொடி காய்ந்திருக்கும்வரை நல்ல இன்சுலேஷன். ஈரத்தை உறிஞ்சினால் கெட்டது. சீசன் முடிந்து பூட்டிக் கிடந்த அறையிலோ, லாட்ஜ் ஸ்டோர் ரூமிலோ மாதக்கணக்கில் சும்மா கிடந்த ஹீட்டர், நம் ஊர் மூடுபனியை உறிஞ்சி வைத்திருக்கும். கரண்ட் கொடுத்ததும் கொஞ்சம் ஃபிரிட்ஜ் தகட்டுக்குக் கசியும். சரியான எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. எர்த் இல்லாத வீட்டில், மழையில் நனைந்த சிமென்ட் தரையில் வெறுங்காலோடு நிற்கிற நீங்கள்தான் எர்த். வெயில் நாளில் தரை காய்ந்திருக்கும், கசிவு இருந்தும் உறைக்காது.

ஆக, கோளாறு இரண்டு. ஹீட்டர் கசிகிறது, வீட்டில் எர்த் வேலை செய்யவில்லை. ஃபிரிட்ஜையே மாற்றினாலும் இரண்டாவது கோளாறு அங்கேயேதான் இருக்கும். நாளைக்கு கிரைண்டரிலோ வெந்நீர் ராடிலோ வந்து நிற்கும். அதனால் முதல் செலவை எர்த்துக்குச் செய்யுங்கள். லைன் முழுவதற்கும் ஒரு மூலையில் ஒரே எர்த் குழாய் போட்டு, அதுவும் துருப்பிடித்து அறுந்து கிடப்பதை நிறைய இடத்தில் பார்க்கலாம். எஸ்டேட் ஆபீசில் கேளுங்கள், லைன்காரர்கள் நாலு பேர் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது. புதிதாகப் போடுவதாக இருந்தால், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடி எப்போதும் ஈரமாக இருக்கிற பின்பக்கமே நல்ல இடம். இரண்டரை மீட்டர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை இறக்கிச் சுற்றிலும் கரியும் உப்பும் போடுவது வழக்கம். நம் மலையில் நாலடி தோண்டியதும் பாறை தட்டும் இடங்கள் உண்டு. அங்கே குழாய்க்குப் பதில் ஜி.ஐ. பட்டையைப் படுக்கைவசமாக நீளப் புதைக்கலாம். எதுவானாலும் வயர்மேன் மீட்டர் வைத்து அளந்து காட்ட வேண்டும். தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டுகிறேன் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பாதி வழியில் பிளாஸ்டிக் குழாய் வந்துவிட்ட காலம் இது.

எர்த்தோடு சேர்த்து மெயினில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று, அதாவது கரண்ட் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச், போடச் சொல்லுங்கள். எம்.சி.பி. இருக்கிறதே என்பார்கள். எம்.சி.பி. வயர் எரியாமல் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஆர்.சி.சி.பி.தான் கசிவைக் கண்டதும் கண்சிமிட்டும் நேரத்தில் விழும். அதில் ‘டெஸ்ட்’ என்று ஒரு பித்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அமுக்கி விழுகிறதா பாருங்கள். அதைப் போட்டபின் இந்த மினிபாரைச் செருகினால் அடிக்கடி விழும் என்பது என் ஊகம். விழுந்தால் ஆர்.சி.சி.பி.யைக் குறை சொல்லிக் கழற்றிவிடாதீர்கள். அது தன் வேலையைச் செய்கிறது.

இன்சுலின் விஷயம். நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக்தான், டாக்டர் இல்லை. ஆனாலும் மருந்துக் கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் ஃபிரிட்ஜ் வேலை பார்ப்பதால் இந்த அளவுகள் எனக்குத் தெரிந்தாக வேண்டும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். உறையவே கூடாது. ஒருமுறை உறைந்து உருகியது கண்ணுக்கு நல்லபடியாகத் தெரிந்தாலும் பயனில்லை, தூர எறியத்தான் வேண்டும். திறந்து பயன்படுத்திக்கொண்டிருக்கும் குப்பிக்கு ஃபிரிட்ஜ் தேவையில்லை. பெரும்பாலான வகைகள் 25, 30 டிகிரிக்குக் குறைவான அறையில் நாலு வாரம்வரை தாங்கும். உங்களுடையதற்கு எத்தனை டிகிரி, எத்தனை நாள் என்பது பெட்டிக்குள் இருக்கும் சீட்டில் இருக்கும். இல்லாவிட்டால் மருந்துக் கடையில் கேளுங்கள்.

இதை வைத்துப் பார்த்தால் உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. கோத்தகிரியில் சித்திரை வெயிலில்கூட, கூரைத் தகட்டுச் சூடு இறங்காத, அடுப்பை ஒட்டாத ஓர் அலமாரி இன்சுலினுக்குக் கேட்ட குளிர்ச்சியைத் தரும். மாதா மாதம் ஒரு குப்பி மட்டும் வாங்கி, அதை முடித்துவிட்டு அடுத்ததை வாங்க முடியுமானால் இன்சுலினுக்காக ஃபிரிட்ஜ் வாங்கும் அவசியமே உங்களுக்கு இல்லை. கடை தூரம், இரண்டு மூன்று குப்பி சேர்த்துத்தான் வாங்க முடியும் என்றால் ஃபிரிட்ஜ் வேண்டும். இப்போதைக்கு, திறந்த குப்பியை அலமாரியில் ஒரு மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். திறக்காதவை இருந்தால் நல்ல ஃபிரிட்ஜ் இருக்கும் வீட்டில், நடுத் தட்டில் வைத்துத் தரச் சொல்லுங்கள்.

இந்த மூன்று வாரமும் மினிபாருக்குள் இருந்த குப்பிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளே எத்தனை டிகிரி இருந்தது என்று நமக்குத் தெரியாது. படுக்கவைத்துக் கொண்டு வந்து உடனே போட்டிருந்தால் குளிர்ச்சியே ஏறாமலும் இருந்திருக்கலாம். குளிர்த் தகட்டை ஒட்டி வைத்திருந்தால் உறைந்தும் இருக்கலாம். குப்பி மேல் எப்போதாவது பனி பூத்திருந்ததா என்று அம்மாவிடம் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் சொல்லிப் புதிய குப்பி வாங்கிவிடுங்கள். அதுவரை ஊசியை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

வீட்டுக்காரர் சொல்லாத இன்னொரு கணக்கு இருக்கிறது. இப்படி ஒரு மினிபார் ஹீட்டர் 60 வாட் என்று வையுங்கள், சில இதைவிடக் கூட இருக்கும். நாள் முழுக்க எரிந்தால் 1.44 யூனிட். 60 நாளில் 86 யூனிட். வீட்டு மீட்டருக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-இல் வந்த சலுகை இருக்கிறதே, அதில் பெரும்பங்கை இந்தக் குட்டிப் பெட்டி ஒன்றே தின்றுவிடும். 180 லிட்டர் ஒற்றைக் கதவு கம்ப்ரசர் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் ஸ்டார் லேபிளைப் பாருங்கள். ஆண்டுக்கு 180 யூனிட் என்று போட்டிருந்தால் இரண்டு மாதத்துக்கு 30 யூனிட்தான். நாலு மடங்கு பெரிய பெட்டி, மூன்றில் ஒரு பங்கு கரண்ட். 2,000 ரூபாய்க்கு வாங்கியதன் உண்மையான விலை அங்கேதான் தெரியும்.

அதனால் என் முடிவை மறைக்காமல் சொல்கிறேன். ஹீட்டரை மாற்றி, எர்த் போட்டு, இதையே ஓட்டலாம். ஆனால் நான் உங்கள் வீட்டில் ஒருத்தனாக இருந்தால் அதற்குச் செலவழிக்க மாட்டேன். இன்சுலினை நம்பி வைக்கிற அளவுக்கு அதில் வெப்பக் கட்டுப்பாடு இருக்காது. எர்த்தைச் சரிசெய்துவிட்டு, ஃபிரிட்ஜ் கட்டாயம் வேண்டுமானால் காசு சேர்த்துக் கம்ப்ரசர் ஃபிரிட்ஜாகவே வாங்குங்கள்.

வாங்கும்போது 50 லிட்டர் குட்டிப் பெட்டியைக் கடைக்காரர் காட்டுவார். இடமே இல்லை என்றால் மட்டும் அதற்குப் போங்கள். அதில் ஐஸ் தட்டு உள்ளேயே திறந்தபடி இருக்கும், அதற்கும் உங்கள் மருந்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிகூட இருக்காது. 170, 180 லிட்டரில் ஐஸ் பெட்டிக்குத் தனி மூடி உண்டு. உள்ளே பொருள் நிறைய இருப்பதால் கதவைத் திறந்து மூடினாலும் கரண்ட் போனாலும் குளிர் சட்டென்று மாறாது.

இன்னொன்றைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். பெட்டிக்கு உள்ளேயோ பின்னாலோ ஒட்டிய தகட்டில் ‘கிளைமேட் கிளாஸ்’ என்று ஓர் எழுத்து இருக்கும். ‘டி’ என்றால் அறை 16 முதல் 43 டிகிரிக்குள் இருக்கும்போது சரியாக ஓடும்படி செய்தது. ‘எஸ்என்’ என்று தொடங்கினால் 10 டிகிரி அறையில் இருந்தே சரியாக ஓடும். நம் நாட்டில் விற்பவற்றில் பெரும்பாலானவை சமவெளிச் சூட்டை மனதில் வைத்துச் செய்த ‘டி’ வகை. மேட்டுப்பாளையத்தில் அதற்கு ஒரு குறையும் வராது. மார்கழி, தை ராத்திரியில் கோத்தகிரி, ஊட்டி வீட்டுக்குள் 16 டிகிரி எங்கே இருக்கிறது? ‘எஸ்என்-டி’ கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் ஓடாமல் போகாது, அதன் குணம் தெரிந்து பழக வேண்டும். ஒற்றைக் கதவில் தெர்மோஸ்டாட் பெரும்பாலும் ஐஸ் பெட்டித் தகட்டின் குளிரைப் பார்த்துத்தான் மோட்டாரை ஓட்டுகிறது. வெளியே சூடாக இருந்தால் கீழ்த் தட்டில் சூடு ஏறிக்கொண்டே இருக்கும், அதனால் கணக்கு சரியாகும். குளிர்காலத்தில் கீழே சூடே ஏறாது. குமிழ் 4-இல், 5-இல் இருந்தால் பால் பாக்கெட் கல்லாகும், கொத்தமல்லி கருத்துப்போகும், இன்சுலினும் உறையும். கார்த்திகை பிறந்ததும் குமிழை 1-க்கோ 2-க்கோ இறக்கிவிடுங்கள், பங்குனியில் ஏற்றிக்கொள்ளலாம். இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் பலவற்றில் கதை தலைகீழ். அதன் சென்சார் கீழறையில் இருக்கும், கீழே குளிராகவே இருக்கிறதே என்று மோட்டார் ஓடாமல் கிடக்கும், மேலே ஐஸ்கிரீம் உருகும். டிசம்பரில் ஃபிரீசர் வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் பல இந்த ரகம். பாகம் எதுவும் கெட்டிருக்காது.

ஒரு தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள், ஃபிரிட்ஜுக்கென்றே விற்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு நடுத் தட்டில் ராத்திரி முழுக்க வைத்துக் காலையில் பாருங்கள். நாலோ ஐந்தோ காட்டினால் குமிழைத் தொட வேண்டாம். மருந்தைக் கதவில் வைக்கக் கூடாது, பின்சுவரை ஒட்டியும் வைக்கக் கூடாது. நடுத் தட்டில் முன்பக்கமாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள்.

இடத்தைப் பற்றி: மேடைக்கு அடியில் சிலிண்டருக்குப் பக்கம் வேண்டவே வேண்டாம், எந்த ஃபிரிட்ஜானாலும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கி, மூடிய இடத்தில் அப்படியே நிற்கும். ஃபிரிட்ஜின் தெர்மோஸ்டாட்டும் ரிலேயும் தினம் பலமுறை உள்ளே சின்னப் பொறி விடுகிற பாகங்கள். கேஸ் வாசனை வந்தால் ஃபிரிட்ஜ் சுவிட்சைத் தொடாதீர்கள், பிளக்கையும் உருவாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். புதிய ஃபிரிட்ஜ்களில் குளிரூட்டும் வாயுவே ஐசோபியூட்டேன், ‘ஆர்-600ஏ’ என்று போட்டிருக்கும். அதுவும் தீப்பிடிக்கும் வாயுதான். கம்ப்ரசர் மேல் மஞ்சள் முக்கோணத்தில் தீச்சுடர் படம் ஒட்டியிருப்பது அதற்காகத்தான். பயப்பட வேண்டாம், வீட்டுப் பெட்டியில் சில பத்து கிராம்தான் இருக்கும். 8 கிராமுக்கு ஒரு கன மீட்டர் அறை வேண்டும் என்பது கணக்கு. 40 கிராம் என்றாலும் ஐந்து கன மீட்டர், உங்கள் சமையலறையே அதைவிடப் பெரிதாக இருக்கும். அலமாரிக்குள் அடைத்து வைத்தால் அந்தக் கணக்கு கெட்டுவிடும். ஐஸ் கட்டியதைக் கத்தியால் குத்தி எடுக்கிற பழக்கமும் கூடாது. அலுமினியத் தகடு ஓட்டை விழுந்து உஸ் என்று போய்விட்டால், ஆபத்து ஒருபக்கம், ஃபிரிட்ஜும் அத்தோடு சரி. அணைத்துவிட்டு உள்ளே ஒரு கிண்ணம் வெந்நீர் வைத்தால் தானாகக் கழன்று விழும்.

முன்னறையில் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி, பக்கவாட்டில் நாலு விரல் விட்டு வையுங்கள். நம் உயரத்தில் காற்று சமவெளியைவிட லேசு, சூட்டை எடுத்துப் போவதிலும் கொஞ்சம் மந்தம். அதனால் இடைவெளியில் கஞ்சத்தனம் வேண்டாம். தரை கழுவும் தண்ணீர் படாமல் ஸ்டாண்டில் நிற்கட்டும், நாலு காலும் ஆடாமல் ஊன்றியிருக்கட்டும். ஆடி மழையில் துணி காயவில்லை என்று பிள்ளைகளின் சாக்ஸையும் பனியனையும் ஃபிரிட்ஜ் பின்னால் தொங்கவிடுவது நம் ஊரில் எல்லா வீட்டிலும் நடக்கிறது. வேண்டாம். ஈரம் ரிலேயில் சொட்டும், சூடு வெளியே போகாது. தயிர் உறையாத நாளில் கிண்ணத்தை ஃபிரிட்ஜ் தலையில் வைக்கிறார்களே, அதற்கு மட்டும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். குளிர் மாதத்தில் எலிகளும் அந்தக் கதகதப்புக்கு வரும், வயரைக் கடிக்கும். மாதம் ஒருமுறை பிளக்கை உருவிவிட்டுப் பின்னால் பார்த்துப் பெருக்குங்கள்.

எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகாதீர்கள், சுவரில் தனி மூன்று பின் சாக்கெட் வேண்டும். காலையில் லைன் முழுக்க வெந்நீர் போடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கி, மோட்டார் முனகி ‘டிக்’ என்று நின்று, சில நிமிடத்தில் மறுபடி முனகினால் ஸ்டெபிலைசர் தேவை. கரண்ட் வந்தவுடன் கொடுக்காமல் மூன்று நிமிடம் பொறுத்துக் கொடுக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். குட்டி யானை வண்டியில் ஏற்றி வரும்போது நிறுத்திக் கட்டி வரச் சொல்லுங்கள். ரோட்டில் இருந்து லைனுக்குப் படியில் தூக்கி இறக்கும்போது சாய்வது தவிர்க்க முடியாதது, வந்ததும் நாலு மணி நேரம் நேராக நிறுத்திவைத்துப் பிறகு போடுங்கள். படுக்கவைத்து வந்திருந்தால் ஒரு நாள் விடுங்கள். கேரட், முட்டைக்கோஸ், உருளை இதையெல்லாம் அதற்குள் திணிக்க வேண்டாம். அவை விளையும் ஊரிலேயே இருக்கிறீர்கள்.

மினிபாரை என்ன செய்வது? பின்குழாயில் எங்காவது மஞ்சள் பொடி பூத்திருக்கிறதா, மூக்கைப் பிடுங்கும் நெடி அடிக்கிறதா என்று பாருங்கள். குழாய் துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் குரோமேட் உப்பு அது. மஞ்சள் வந்தால் குழாய் கசிகிறது என்று அர்த்தம். வெறுங்கையால் தொடாமல், கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வீட்டுக்கு வெளியே வைத்துவிடுங்கள். கசியாவிட்டாலும் பழைய இரும்புக்காரரிடம் முழுசாகக் கொடுங்கள். செப்புக் குழாய் கிடைக்கும் என்று யாராவது அறுக்கப் போனால் தடுங்கள். அது செம்பு இல்லை, இரும்பு. உள்ளே அம்மோனியாவும் ஹைட்ரஜனும் அதிக அழுத்தத்தில் இருக்கின்றன, கண்ணும் நுரையீரலும் வெந்துபோகும். கொடுக்கும் நாள்வரை வாசலில் கிடப்பதாக இருந்தால் கதவை மட்டும் திருகு கழற்றித் தனியே எடுத்துவிடுங்கள். லைனில் சின்னப் பிள்ளைகள் ஒளிந்து விளையாடுவார்கள்.